சரக்கு கப்பலேறட்டும், நீங்கள் நாலு நாள் இருங்கள்!

சென்னை பாரிமுனையில் மின்விளக்குக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் குவாங்சோவுக்குப் பதினேழு முறை போய் வந்தவர். ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டால், "ஏ ஏரியா பெரிசு சார், பி ஏரியா அதைவிடப் பெரிசு" என்பார். பதினேழு பயணத்திலும் அவர் பார்த்தவை விமான நிலையம், வணிகக் கண்காட்சி வளாகம், சப்பாத்தி கிடைக்கும் ஓர் உணவகம். அவ்வளவுதான். சரக்குக்கு முன்பணம் கட்டிய மறுநாளே பெட்டியைக் கட்டிவிடுவார்.

அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. நம் ஆட்கள் அந்த மண்ணில் காரியமாகப் போய் இறங்குவது இன்று நேற்றுத் தொடங்கிய பழக்கம் இல்லை. கண்காட்சி வளாகம் நிற்கும் இடத்துக்குப் பாசோ என்று பெயர்; முத்தாறு சூழ்ந்த ஒரு தீவுப் பகுதி. அதன் பழைய பெயர் பீபாசோ. சோழநாட்டிலிருந்து புறப்பட்டு 1015இல் சீனப் பேரரசரின் அவையை அடைந்த தூதுக்குழுவைப் பற்றி சோங் வம்ச வரலாற்று நூல் எழுதும்போது, அவர்கள் குவாங்சோவின் பீபாசோவை வந்தடைந்தார்கள் என்று இடத்தின் பெயரைச் சொல்லியே குறிக்கிறது. சொந்த நாட்டைவிட்டுக் கிளம்பி அதற்குள் 1,150 நாட்கள் ஆகியிருந்தனவாம். முத்தும் யானைத்தந்தமும் காணிக்கையாகக் கொண்டுவந்திருந்தார்கள். அவர்களை அனுப்பிய இராசராச சோழன் 1014லேயே காலமாகிவிட்டான். பேரரசர் முன் வணங்கி நின்றபோது, தங்கள் அரசன் இல்லை என்பது அந்தத் தூதர்களுக்குத் தெரிந்திருக்குமா?

இன்று அதே பாசோவில் கழுத்தில் அடையாள அட்டையோடு நம்மவர்கள் எல்.இ.டி. விளக்குக்கும் எவர்சில்வர் குடுவைக்கும் விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள். 1957இல் தொடங்கிய இந்தக் கண்காட்சியை உலகம் இன்னமும் 'காண்டன் ஃபேர்' என்று ஊரின் பழைய பெயரிலேயே அழைக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை: ஏப்ரல் நடுவிலிருந்து மே முதல் வாரம் வரை, அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முதல் வாரம் வரை. ஒவ்வொன்றும் மூன்று கட்டம். முதல் கட்டத்தில் மின்னணுப் பொருள், இயந்திரம். நடுவில் வீட்டுச் சாமான். கடைசியில் துணி, பொம்மை, மருந்து. கட்டத்துக்குக் கட்டம் ஆள் மாறும். விடுதி வாடகை மட்டும் இறங்காது.

கண்காட்சிக்குப் போகிறவர்கள் கூடுதலாக நாலு நாள் தங்க வேண்டும் என்பதற்காகவும், கண்காட்சியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள்கூடச் சீனா என்றதும் பெய்ஜிங், ஷாங்காய் என்று மட்டும் டிக்கெட் போடாமல் இருப்பதற்காகவும் இந்தக் கட்டுரை. ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். குவாங்சோ படம் எடுக்கிற ஊர் இல்லை. நெடுஞ்சுவர் கிடையாது, களிமண் படைவீரர்கள் கிடையாது. ஒன்றே முக்கால் கோடிக்கும் மேல் மக்கள் வாழும் அந்த நகரத்தில், வாடகை வசூலிக்கப் போகும் கோடீஸ்வரர்கூட ரப்பர் செருப்போடுதான் போவார் என்று மற்ற ஊர்க்காரர்கள் கிண்டலடிப்பார்கள். சாப்பிட்டும் நடந்தும்தான் இந்த ஊர் பிடிபடும்.

காலை ஏழரைக்கு ஒரு மேசை

குவாங்சோவில் செய்ய வேண்டிய காரியம் ஒன்றே ஒன்றுதான் என்று யாராவது கழுத்தில் கத்தி வைத்துக் கேட்டால், யோசிக்காமல் 'யாம் சா' என்பேன். காண்டனிய மொழியில் 'தேநீர் குடிப்பது' என்று பொருள். தேநீர் அதில் ஒரு சாக்கு. கோப்பையைச் சுற்றி மூங்கில் தட்டுகளில் ஆவி பறக்கும் சின்னச் சின்னப் பலகாரங்கள், செய்தித்தாள், பேரப்பிள்ளை, ஊர்வம்பு எல்லாம் சேர்ந்ததுதான் யாம் சா. அந்தப் பலகாரங்களைத்தான் வெளியுலகம் 'டிம் சம்' என்கிறது.

வார நாள் காலையில் ஏழரை மணிக்குப் போங்கள். பெரிய தேநீர் மாளிகைகளில் பாதி மேசை அதற்குள் நிறைந்திருக்கும். பெரும்பாலும் எழுபது தாண்டியவர்கள். ஒருவர் தனியாக ஒரு முழு மேசையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் இருப்பார், யாரும் எழுப்ப மாட்டார்கள். 1880இல் தொடங்கிய தாவ்தாவ்ஜு, 1889இல் தொடங்கிய லியென்ஷியாங் லோ, 1935இன் குவாங்சோ ஜியுஜியா ஆகியவை பேர்போன பழைய கடைகள். பேர் வாங்கிய கடைதான் வேண்டும் என்பதில்லை. தங்கியிருக்கும் விடுதிக்குப் பக்கத்தில் கிழவர்கள் கூட்டமாக நுழையும் மாடிக் கடை எதுவோ, அதில் ஏறுங்கள்.

உட்கார்ந்ததும் என்ன தேநீர் என்று கேட்பார்கள். பழக்கமில்லாதவர்களுக்கு, பூஎர் இலையோடு சாமந்தி கலந்த தேநீர் வயிற்றுக்கு இதம். ஆளுக்கு இவ்வளவு என்று தேநீருக்குத் தனிக் கட்டணம் உண்டு. பில்லில் பார்த்து அதிர்ச்சி அடைய வேண்டாம். முதல் வெந்நீர் குடிப்பதற்கு இல்லை. கோப்பை, கிண்ணம், குச்சிகள் எல்லாவற்றையும் அதில் அலசி, மேசையில் வைத்திருக்கும் பெரிய கிண்ணத்தில் கொட்டிவிட வேண்டும். நம் ஊரில் இலை போட்டதும் தண்ணீர் தெளித்துத் துடைப்போமே, அதே கை அசைவு. கெண்டியில் தண்ணீர் தீர்ந்தால் யாரையும் கூப்பிட வேண்டாம். மூடியைச் சற்றே விலக்கி வையுங்கள், ஊற்ற ஆள் வரும். எதிரில் இருப்பவர் உங்கள் கோப்பையை நிரப்பினால் இரண்டு விரலால் மேசையை லேசாகத் தட்டுங்கள், அதுதான் நன்றி. மாறுவேடத்தில் ஊர் சுற்றிய சியான்லோங் பேரரசர் தன் பணியாளுக்குத் தேநீர் ஊற்ற, அரசரைக் காட்டிக்கொடுக்காமல் வணங்குவதற்காக அவன் விரலையே மண்டியிட வைத்தான் என்பது இதற்குச் சொல்லப்படும் கதை. கதை உண்மையோ பொய்யோ, தட்டினால் எதிரில் இருப்பவர் முகம் மலரும்.

பலகாரங்களில், மாவு ஊடாக இறாலின் இளஞ்சிவப்பு தெரியும் 'ஹா காவ்' ஒரு கடையின் தரத்தைச் சொல்லிவிடும். மாவு கிழிந்தால் சமையல்காரர் சரியில்லை. பிறகு பன்றி இறைச்சி வைத்த 'சியு மாய்', கோழிக்கால். ஆம், விரலோடு கோழிக்கால். முதல்முறை வேண்டாம் என்பீர்கள், மூன்றாம் நாள் நீங்களே கேட்பீர்கள். நமக்கு நெருக்கமானது 'ச்சொங் ஃபன்'. அரிசியை ஊறவைத்துக் கல்லில் அரைத்த மாவைத் தட்டில் மெல்லிசாக ஊற்றி ஆவியில் வேகவைத்துச் சுருட்டித் தருவார்கள். தட்டு இட்லி வெந்த மணமே வரும். உள்ளே ஒன்றும் வைக்காத வெறும் ச்சொங் ஃபன் சைவர்களுக்கு வரம், மேலே ஊற்றும் சாறு சோயாதானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 'முள்ளங்கிக் கட்டி' என்ற பலகாரத்தைப் பெயரை நம்பி வாங்கி ஏமாறாதீர்கள், அதற்குள் பெரும்பாலும் பன்றி இறைச்சித் துணுக்கு இருக்கும்.

அரிசிக் கஞ்சி இங்கே தினசரி உணவு. மீன் துண்டு, வேர்க்கடலை, பொரித்த மாவுத் துண்டு போட்ட 'படகுக் கஞ்சி' இந்த ஊரின் தனி அடையாளம். ஒருகாலத்தில் மேற்குப் பகுதி நீரோடையில் படகுக்காரர்கள் விற்றது. உணவுப் பட்டியலில் ஆங்கிலத்தில் 'கொஞ்ஜி' என்று போட்டிருப்பார்கள். சீனச் சொல் என்றுதான் உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. அது நம் கஞ்சிதான், போர்த்துக்கீசியர் வாய்வழியாக ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொல். காண்டனியத்தில் அதற்கு 'ஜுக்' என்று பெயர்.

ஒருவரை ஒருவர் பிரியும்போது குவாங்சோக்காரர்கள் சொல்வது, "நேரம் கிடைக்கும்போது தேநீர் குடிக்கலாம்." நாம் "வீட்டுப் பக்கம் வாங்க" என்போமே, அந்த மாதிரி. நாளும் கிழமையும் குறிக்காத அழைப்பு.

உடம்புச் சூடு தெரிந்த ஊர்

தெருவுக்குத் தெரு சிறிய கடைகளில் பித்தளைக் கொப்பரை வைத்துக் கறுப்பாக ஏதோ விற்பதைப் பார்ப்பீர்கள். 'லியோங் சா', குளிர்ச்சித் தேநீர். தேயிலையே கிடையாது, முழுக்க மூலிகை. ஒரு மடக்கு குடித்ததும் நிலவேம்புக் கசாயத்தைத் தலைகீழாக ஊற்றியது போல் நாக்கு சுருளும். பொரித்ததும் வறுத்ததும் சாப்பிட்டால் உடம்பு சூடாகிவிடும், தொண்டை கட்டும், முகத்தில் பரு வரும், குளிர்ச்சியாக எதையாவது குடித்து இறக்க வேண்டும் என்று இந்த ஊர்க்காரர்கள் நம்புகிறார்கள். உலகத்தின் பாதிப் பேருக்கு இதை உட்காரவைத்து விளக்க வேண்டும். தமிழருக்கு விளக்கவே வேண்டாம். லிச்சி சூடு, பேரிக்காய் குளிர்ச்சி என்று ஒரு கடைக்காரப் பாட்டி விரல் விட்டுச் சொல்லிக்கொண்டு போனபோது, மொழிபெயர்ப்புச் செயலி தடுமாறியது. எனக்குப் புரிந்துவிட்டது.

கசப்புக்குப் பரிகாரம் பக்கத்துக் கடையில் உண்டு. சூடான எருமைப்பாலை இஞ்சிச் சாற்றில் ஊற்றினால் சில நிமிடத்தில் தானே உறையும்; கரண்டி வைத்தால் சீம்பால் போல அசையும். பான்யூ பகுதியின் ஷாவான் ஊர்க்காரர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். முட்டையும் கிடையாது, ஜெலட்டினும் கிடையாது.

மார்ச்சில் போகிறவர்களுக்கு இன்னொரு காட்சி. இந்த நகரத்தின் பூ முள்ளிலவு. இலையே இல்லாத மரத்தில் சிவப்பாகப் பூத்துத் தெருவில் தொப்தொப்பென்று விழும். வயதானவர்கள் பொறுக்கி வெயிலில் காயவைப்பார்கள், கசாயத்துக்கும் சூப்புக்கும். ஆனால் அதே மாதங்களில்தான் தெற்கிலிருந்து ஈரக்காற்று வந்து சுவரும் தரையும் வியர்க்கும். துவைத்த சட்டை மூன்று நாளானாலும் காயாது. அலைச்சல் இல்லாமல் சுற்ற அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை நல்லது.

மூன்று மதங்கள், ஒரு மெட்ரோ நிறுத்தம்

மெட்ரோ முதல் வழித்தடத்தில் சிமென்கோ நிலையத்தில் இறங்கி, ஒரு காலைப் பொழுதை அங்கேயே செலவழிக்கலாம். பத்து நிமிட நடையில் குவாங்ஷியாவ் கோயில். குவாங்சோ உண்டாவதற்கு முன்பே குவாங்ஷியாவ் உண்டு என்று ஊரில் சொலவடை. 676இல் இங்கே இரண்டு துறவிகள், கொடி அசைகிறதா காற்று அசைகிறதா என்று வாதிட்டுக்கொண்டிருக்க, ஒதுங்கி நின்ற எளிய மனிதர் ஒருவர், இரண்டும் இல்லை, உங்கள் மனம்தான் அசைகிறது என்றாராம். அவர் ஹுயிநெங், ஸென் பௌத்த மரபின் ஆறாவது குருவாக அறியப்படுபவர். அவர் தலைமழித்த முடியைப் புதைத்த இடத்தில் சிறு கோபுரம் ஒன்று நிற்கிறது. பக்கத்தில் போதிமரம். 502இல் இந்தியத் துறவி ஒருவர் கொண்டுவந்து நட்ட கன்றின் வழிவந்தது என்பது மரபு. உதிர்ந்த அரசிலையைப் பெண்கள் பொறுக்கிப் புத்தகத்தில் வைத்துக்கொள்கிறார்கள்.

கொஞ்சம் தள்ளி ஆறு ஆலமரக் கோயில். ஆறு ஆலும் இப்போது இல்லை. 1100இல் ஹைனான் தீவில் நாடுகடத்தல் முடிந்து திரும்பும் வழியில் கவிஞர் சூ தோங்போ இங்கே தங்கினார். மரங்களைப் பார்த்து 'ஆறு ஆல்' என்று இரண்டே எழுத்து எழுதிக் கொடுத்தார். மரம் போயிற்று, பெயர் நின்றது. 57 மீட்டர் உயரப் பூக்கோபுரம் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்பது நிலை, உள்ளே பதினேழு.

தெற்கே திரும்பினால் ஹுவாய்ஷெங் பள்ளிவாசல். அரபு வணிகர்கள் வந்த காலத்தது. சீனாவின் மிகப் பழைய பள்ளிவாசல்களில் ஒன்று. அதன் வழவழப்பான வெள்ளைக் கோபுரம் 36 மீட்டர். முன்பு ஆறு இதற்குப் பக்கத்தில் ஓடியதால் கப்பல்களுக்குக் கலங்கரை விளக்கமாகவும் இருந்ததாம். இன்று சுற்றிலும் அடுக்குமாடிகள். தெருவில் நின்று கழுத்தை வளைத்தால்தான் தெரியும்.

மூன்றாவது மதத்துக்கு ஆற்றுப்பக்கம் போக வேண்டும், நிலையமும் மாறும். தலைப்பில் கொஞ்சம் ஏமாற்றிவிட்டேன். 1863இல் தொடங்கி 1888 வரை கட்டிய திருஇருதயப் பேராலயம் முழுக்கக் கருங்கல். ஊர்க்காரர்கள் 'கல்வீடு' என்று சாதாரணமாகக் கூப்பிடுவார்கள். கண்ணாடி ஓவியங்களையும் கூரை வளைவுகளையும் அண்ணாந்து பார்த்துவிட்டு வெளியே வந்து யீதெ சாலையில் கால் வைத்தால் கருவாட்டு வாசனை மூக்கைத் துளைக்கும். கடல் உலர்பொருள் மொத்த வியாபாரமும் பொம்மை மொத்த வியாபாரமும் ஒரே தெருவில். வான்தொடும் கோபுரம், கீழே காய்ந்த கணவாய், அதற்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் டைனோசர். குவாங்சோ இதுதான்.

போதிதருமர் தோண்டச் சொன்ன கிணறு

நம்மில் பலருக்கு 2011இல் வந்த 'ஏழாம் அறிவு' படத்தின் மூலம்தான் போதிதருமர் அறிமுகம். சீனமரபு அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது. ஆறாம் நூற்றாண்டில் அவர் கரையிறங்கிய இடமாகச் சொல்லப்படுவது பழைய நகரத்தின் மேற்கே லிவான் பகுதி. அங்கே ஹுவாலின் கோயில். 'மேற்கிலிருந்து வந்து முதலில் கால் வைத்த இடம்' என்ற கல் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. கோயிலுக்குள் ஐந்நூறு அருகர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் மண்டபம். ஒவ்வொரு முகமும் வேறு. தூங்குகிறவர், காது குடைகிறவர், பக்கத்து ஆளிடம் கோள் சொல்கிறவர் மாதிரி ஒருவர். உங்கள் சித்தப்பா முகம் ஒன்று நிச்சயம் கிடைக்கும்.

அருகிலேயே ஐந்து வாய் கொண்ட கிணறு. இந்தப் பூமிக்குக் கீழே தங்கம் இருக்கிறது என்று போதிதருமர் சொல்ல, ஊரார் ஆசையோடு தோண்டினார்கள், வந்தது நல்ல தண்ணீர் என்பது கதை. கோயிலைச் சுற்றியோ முழுக்கப் பச்சைக்கல் நகைக் கடைகள். கல்லில் ஒளி அடித்துக் காட்டி விலை சொல்வார்கள். விவரம் தெரியாதவர்கள் வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது பர்சுக்கு நல்லது.

அங்கிருந்து என்னிங் சாலை வரை நடந்துவிடுங்கள். மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கக் கடை முகப்பின் மேலேயே மாடி நீண்டு, கீழே தூண் வைத்த நடைபாதையாக ஓடும் பழைய வீடுகள். பித்தளைப் பாத்திரக் கடைகளில் சுத்தியல் சத்தம் இன்னும் கேட்கிறது. யோங்சிங் ஃபாங் என்ற சந்துக்கூட்டத்தைப் புதுப்பித்துக் காபிக் கடைகள் ஆக்கிவிட்டார்கள். அழகுதான், கொஞ்சம் பவுடர் அதிகம். புரூஸ் லீயின் பூர்வீக வீடு இந்தச் சந்துக்குள்தான், ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம். நான் அதிக நேரம் நின்றது லிவான் ஏரிப் பூங்காவில். மதிய வேளையில் ஓய்வுபெற்றவர்கள் நாலைந்து பேர் வாத்தியங்களோடு கூடி, மைக் வைத்துக் காண்டன் இசைநாடகப் பாடல் பாடுகிறார்கள். டிக்கெட் கிடையாது. 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கலை இது என்று பாடுகிறவர்களைப் பார்த்தால் தெரியாது. ஓர் அம்மாள் கத்தரிக்காய்ப் பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு வந்து ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

சென் குல மண்டபத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். சென் என்ற குடிப்பெயர் கொண்ட 72 கிளைக் குடும்பங்கள் பணம் போட்டு 1888இலிருந்து 1894 வரை கட்டியது. மாகாணத்தின் ஊர்களிலிருந்து அரசுத் தேர்வு எழுத வரும் தங்கள் பிள்ளைகள் தங்கிப் படிக்க ஓர் இடம். கூடவே முன்னோர் வழிபாடு. 1905இல் அந்தத் தேர்வு முறையே ஒழிந்துபோனது வேறு கதை. இப்போது நாட்டார் கலை அருங்காட்சியகம். உள்ளே போவதற்கு முன்னால் முற்றத்தில் நின்று கூரையைப் பாருங்கள். கூரை முகட்டில் நூற்றுக்கணக்கான உருவங்கள்: தளபதிகள், தேவர்கள், மாடமாளிகை, வௌவால், லிச்சிப் பழம். சிலது சுட்ட களிமண், சிலது சுண்ணாம்புச் சுதை. கம்பி கட்டி, சுண்ணாம்புக் கலவையை அப்பி, ஈரம் காய்வதற்குள் வண்ணம் தீட்டுவார்கள். கோபுரத்துச் சுதைச் சிற்பங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இந்த நெரிசல் அந்நியமாகவே இருக்காது. காலி இடம் விடுவது கஞ்சத்தனம் என்று நினைக்கும் கலைஞர்கள் இங்கேயும் இருந்திருக்கிறார்கள்.

அதே பக்கத்தில் ஷாமியான் தீவு. இரண்டாம் அபினிப் போருக்குப் பிறகு ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மணல்திட்டைக் கெட்டிப்படுத்தித் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட குட்டி ஐரோப்பா. இப்போது கல்யாண ஜோடிகள் படம் எடுக்கும் இடம். மர நிழல் நன்றாக இருக்கிறது, ஒரு மணி நேரம் போதும். பாலத்தைத் தாண்டி எதிரே சிங்பிங் சந்தையில் காய்ந்த கடற்குதிரையும் தேளும் மூட்டையில் இருப்பதைப் பார்ப்பதில் எனக்குச் சுவாரசியம் அதிகம்.

குன்றைத் தோண்டினார்கள், ராஜா வந்தார்

1983இல் அடுக்குமாடி கட்டுவதற்காக ஒரு சிறு குன்றை வெட்டியபோது கல்லறை ஒன்று வெளிப்பட்டது. உள்ளே இருந்தவர் நான்யுவே நாட்டின் இரண்டாம் அரசர் சாவ் மோ, இறந்தது பொ.மு. 122. சீனப் பேரரசு இந்தத் தெற்கு மூலையை முழுதாக விழுங்குவதற்கு முன்பு இங்கே இருந்த தனி அரசு அது. 2,291 பச்சைக்கல் துண்டுகளைப் பட்டுநூலால் கோத்த உடை ஒன்றை உடலுக்கு மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஆப்பிரிக்க யானைத்தந்தம், சாம்பிராணி, பாரசீகப் பாணி வெள்ளிச் செப்பு. ஆக, இருபத்தோரு நூற்றாண்டுக்கு முன்பே இந்தத் துறைமுகத்துக்குக் கடல்தாண்டிய சரக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. கூடவே பதினைந்து பேரை உயிர்ப்பலி கொடுத்திருந்தார்கள், சமையல்காரர்களும் அதில் அடக்கம். கல்லறைக்குள்ளேயே இறங்கிப் பார்க்கலாம். குனிந்து போக வேண்டும். சீனாவில் நான் பார்த்த அருங்காட்சியகங்களில் இவ்வளவு அடக்கமாக, இவ்வளவு நெருக்கமாக இருப்பது வேறில்லை. யுவேஷியு பூங்கா நிலையத்துக்கு எதிரே.

பூங்காவுக்குள் ஐந்து ஆடுகள் சிலை ஊரின் சின்னம். வாயில் நெற்கதிர் கவ்விய ஐந்து ஆடுகளில் தேவர்கள் வந்து பஞ்சம் தீர்த்தார்கள் என்ற கதையிலிருந்து 'ஆட்டு நகரம்' என்ற செல்லப்பெயர் வந்தது. ஏறிப்போய் ஒரு படம் எடுத்துவிட்டு இறங்கிவிடலாம்.

கோபுரத்தில் ஏறாதீர்கள்

காண்டன் கோபுரம் 600 மீட்டர், 2010 ஆசிய விளையாட்டுக்காகத் திறந்தது. நடுவில் இடுப்பு ஒடுங்கியிருப்பதால் 'சிற்றிடையாள்' என்ற பொருளில் பட்டப்பெயர். மேலே ஏறக் கட்டணம் அதிகம், வரிசை நீளம், பாதி நாள் மூட்டம். தவிர, கோபுரத்துக்குள் நின்றால் கோபுரம் தெரியாது. இருட்டியதும் ஆற்றுக்கு வடகரையில் ஹுவாசெங் சதுக்கத்தில் நில்லுங்கள். ஜாஹா ஹதீத் வடிவமைத்த, ஆற்றில் உருண்டு வந்த இரண்டு கூழாங்கற்கள் போன்ற இசைநாடக அரங்கு ஒரு பக்கம், எதிரே நிறம் மாறிக்கொண்டிருக்கும் கோபுரம். பிறகு 2021இல் திறந்த ஹைஷின் நடைபாலத்தில் ஆற்றைக் கடக்கலாம். சுற்றுலாப் படகுகளில் அலங்கார விளக்கும் அறிவிப்பும் உண்டு. ஊர்க்காரர்கள் அன்றாடம் ஏறும் நீர்ப்பேருந்தில் சில யுவான்தான், அதே ஆறு, அதே காற்று.

பக்கத்திலிருக்கும் லியெதெ, நேற்றுவரை கிராமம். வீடுகளை இடித்துக் கோபுரக் குடியிருப்பு ஆக்கிவிட்டார்கள், குலக்கோயில்களையும் நீரோடையையும் விட்டுவைத்தார்கள். ஜூன் மாதத்தை ஒட்டி வரும் டிராகன் படகுத் திருவிழாவுக்கு அங்கே போங்கள். இந்தப் பகுதிக் கிராமங்களில் விழா முடிந்ததும் நீண்ட படகுகளை ஆற்றுச் சேற்றுக்குள் புதைத்துவிடுவார்கள். காற்றுப்படாமல் மரம் கெடாது. அடுத்த ஆண்டு விழாவுக்கு ஒரு மாதம் முன்பு ஊரே கூடி, சேற்றில் இறங்கி, பட்டாசு வெடித்துப் படகைத் தோண்டி எடுக்கும்.

கிளம்புவதற்கு முன்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா கட்டாயம். நாள்கணக்கில் தங்கவிடும் இடைத்தங்கல் விசாவிலக்கு என்று வலையொளிகளில் சொல்வது நமக்குப் பொருந்தாது. 2020இல் நின்ற நேரடி விமானம் 2025 அக்டோபரில் கொல்கத்தாவிலிருந்து குவாங்சோவுக்கு மீண்டும் தொடங்கியது, அடுத்து டெல்லியிலிருந்தும். ஹாங்காங் வழியாகப் போனால் அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

அலிபேயை இங்கிருந்தே கைப்பேசியில் ஏற்றி, வங்கி அட்டையை இணைத்து, கடவுச்சீட்டைச் சரிபார்த்து முடித்துவிடுங்கள். இளநீர்க்காரர்கூட கியூ.ஆர். அட்டையைத்தான் நீட்டுவார். கூகுள், வாட்ஸ்அப் எதுவும் உள்ளூர் இணையத்தில் திறக்காது. நம் ஊர் சிம்மின் சர்வதேச ரோமிங்கில் பெரும்பாலும் திறக்கும். வீட்டில் அம்மா பதறாமல் இருக்க ரோமிங்கைப் போட்டுக்கொண்டே ஆக வேண்டும்.

சுத்த சைவர்கள் 'சூ' என்ற சீன எழுத்தைக் கைப்பேசியில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். "கறி வேண்டாம்" என்றால் கறியை எடுத்துவிட்டு அதே குழம்பைத் தருவார்கள். 'சூ' என்றால் பௌத்தச் சைவம், வெங்காயம் பூண்டுகூடப் பெரும்பாலும் இருக்காது. கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்கள் நம்பகமானவை. பெய்ஜிங் சாலைக்கு அருகே பெரும்புத்தர் கோயிலில் சாப்பிட்டுவிட்டு, அந்தச் சாலையின் நடுவே கண்ணாடிக்குக் கீழே தெரியும் பழைய தெருவின் பதினோரு அடுக்குகளையும் பார்த்துவிடலாம்.

யாராவது சிறு உதவி செய்தால் "ம்கோய்" என்று காண்டனியத்தில் சொல்லுங்கள். மாண்டரின் நன்றிக்குக் கிடைக்காத சிரிப்பு அதற்குக் கிடைக்கும்.

கப்பலைத் தவறவிட்டவர்

கடைசி நாளுக்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். சுற்றுலாக் கையேடுகளில் பின்பக்கத்தில் ஒளிந்திருப்பது. மெட்ரோ பதின்மூன்றாம் வழித்தடத்தில் கிழக்கே ஹுவாங்பூ பக்கம் போனால் 'தென்கடல் தெய்வக் கோயில்' என்றே ஒரு நிலையம். 594இல் எழுந்த கோயில். கப்பல்கள் கிளம்புமுன் கடல்தெய்வத்தை வணங்கிவிட்டுப் போன இடம். கவிஞர் ஹான் யூ எழுதிய 820ஆம் ஆண்டுக் கல்வெட்டு அங்கே நிற்கிறது. இரண்டாம் சாந்திர மாதத்தில் திருவிழா; அப்போது காகிதக் கூழில் செய்து இறகு ஒட்டிய சேவல் பொம்மைகள் விற்பார்கள். முன்பு ஆறு வாசலைத் தொட்டது. இப்போது விலகிப் போய்விட்டது. தோண்டி எடுத்த பழைய படித்துறை மட்டும் வறண்டு கிடக்கிறது.

ஊர் வழக்கில் இதன் பெயர் போலோ கோயில். தாங் வம்சக் காலத்தில் போலோ என்ற நாட்டிலிருந்து வந்த தூதர் ஒருவர் ஊர் திரும்பும் வழியில் இங்கே இறங்கி, தான் கொண்டுவந்த இரண்டு விதைகளை முற்றத்தில் நட்டாராம். அந்த நாடு இந்தியாவில் இருந்தது என்றே பலரும் சொல்கிறார்கள். கோயிலின் அழகில் அவர் சொக்கி நிற்க, காற்று சாதகமாக வீச, கப்பல் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. கரையில் நின்று கடலைப் பார்த்துப் பார்த்தே அவர் உயிரை விட்டார். ஊரார் அவருக்குச் சீன அதிகாரியின் அங்கியும் தொப்பியும் அணிவித்துச் சிலை வைத்தார்கள். ஒரு கையைப் புருவத்துக்கு மேல் குடையாகப் பிடித்து, அவர் இன்னும் ஆறு இருந்த திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். 'அயல்நாட்டுப் பேய் போலோவைப் பார்க்குது' என்று இவரை வைத்துக் காண்டனியத்தில் ஒரு சொலவடையே உண்டு.

முற்றத்தில் நிற்பது பலாமரம்.

பாரிமுனை நண்பரிடம் இந்தக் கதையை விஸ்தாரமாகச் சொன்னேன். கவனமாகத்தான் கேட்டார். முடிந்ததும் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"எல்லாம் சரி சார், அந்த ஆளு என்ன சரக்கு கொண்டுபோனாரு?"

"ரெண்டு பலாக்கொட்டை."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கைப்பேசியை எடுத்து, அக்டோபர் பயணத்துக்குப் போட்டிருந்த திரும்பும் டிக்கெட்டின் தேதியை மாற்ற எவ்வளவு ஆகும் என்று பார்க்க ஆரம்பித்தார்.